மடிக்கிற போன்

“சரியம்மா, வைக்கிறன்.”

பிரவீணன் போனைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“என்னவாம் மாமி?” என்று கேட்டாள் அவன் மனைவி ஆரபி.

“மடிக்கிற போன்தான் வேணுமாம். பிறந்தநாளுக்கு என்ன வேணுமெண்டு கேட்டது என்ர பிழை.”

“எழுபது வயசிலயோ?”

“அருள்ராணி அன்ரி கோயில்ல ஒண்டு கொண்டு திரியிறாவாம். டப்பெண்டு திறக்கிறாவாம், டப்பெண்டு மூடுறாவாம்.”

ஆரபி சிரித்தாள். “பவுசு காட்ட ஆசை வந்திட்டுது. இவவைக் கூட்டிக்கொண்டு வந்து எங்களோட வைச்சிருக்கச் சொல்லி உங்கட சித்தி வேற சொல்லுறா.”

“இஞ்சை வந்தா எங்கட நிம்மதி போச்சு. அவ ஸ்டோவ்னரிலயே இருக்கட்டும். அதுதான் எல்லாருக்கும் நல்லது.”

அம்மா ராசமலர் அந்தக் காலத்தில் நாட்டின் வடகோடியில் இருக்கும் மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து, தொழிற்சாலையில் விறைத்த மீனைச் சீவிச் சீவி ஒரே மகனைப் படிக்க வைத்தவர். கணவர் காலமானபின் ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருக்கிறார். தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்டறியாதவர். முதல்தடவையாகக் கேட்டது இப்படியொரு பகட்டுச் சாமானாக இருக்கிறதே என்பதுதான் பிரவீணனின் எரிச்சல்.

சனிக்கிழமை அம்மாவை ஸ்டோவ்னர் சென்டரில் இருந்த போன் கடைக்குக் கூட்டிப் போனான்.

ராசமலர் காட்சிக்கு வைத்திருந்த மடிக்கிற போனைத் திறந்தார். மூடினார். மூடியதைக் காதில் வைத்துப் பார்த்தார்.

பிரவீணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மா, மூடினா கோல் கட்டாயிடும். பிறகு ஒண்டும் கேக்காது.”

“ஒண்டுமே கேக்காதோ?”

“ஒரு சொல்லும் கேக்காது.”

“அப்ப நல்லது,” என்றார் அம்மா.

பிரவீணன் விடவில்லை. புதுச் சாமான் எது வந்தாலும் வேலையிடத்தில் அவனிடம்தான் அபிப்பிராயம் கேட்பார்கள்.

“இஞ்சை பாருங்கோ, நடுவில மடிப்புத் தெரியுது. கீலுக்குள்ள தூசி போனாத் துலைஞ்சுது. விழுந்து உடைஞ்சாத் திருத்திற காசுக்கு இன்னொரு போன் வாங்கலாம். சாதாரண போன்தான் கனகாலம் உழைக்கும். உங்களுக்கு என்னத்துக்கம்மா இந்த ஸ்டைல்?”

அம்மா அந்தப் போனை இன்னொருமுறை மூடிப் பார்த்தார். பிறகு மெதுவாக மேசையில் வைத்தார்.

“நீ சொன்னாச் சரி.”

பெரிய எழுத்துத் தெரிகிற நல்லதொரு சாதாரண போனை வாங்கிக் கொடுத்தான். அம்மாவின் ஆசையைக் கெடுத்தாலும் அறிவாகத்தான் நடந்திருக்கிறோம் என்று அவனுக்குத் திருப்தி. வழுக்கும் பனியில் அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்கு நடந்தபோது, அந்தத் திருப்தியிலேயே ஒரு வார்த்தை கேட்டும் வைத்தான்.

“எங்களோட வந்து இருங்கோவனம்மா.”

“இல்லை அப்பன். எனக்கு இஞ்சை பழகிட்டுது.”

அப்பாடா என்றிருந்தது. கேட்டாயிற்று, அம்மாதான் வரமாட்டேன் என்கிறார். இனிச் சித்தி வாயைத் திறக்க முடியாது.

வீட்டில் சிம்மை மாற்றிப் போட்டு, போன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் படுக்கையறைக்குள் போய் அங்கிருந்து அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அம்மா எடுத்தார்.

“கேக்குதோ அம்மா?”

“ஓம், நல்லாக் கேக்குது.”

“சரியம்மா, வைக்கிறன்.”

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அம்மா திரையை விரலால் அழுத்துவதும் தேய்ப்பதுமாக நின்றார்.

“என்னம்மா செய்யிறியள்?”

அவன் கேட்ட கேள்வி அம்மாவின் கையிலிருந்தும் கேட்டது.

“இந்தச் சிவப்புப் பட்டன் என்ர விரலுக்கு லேசில வேலை செய்யாது அப்பன். பழைய போனிலயும் இப்பிடித்தான். மீன் வெட்டி மரத்துப்போன விரலெல்லே.”

“அதுக்கென்ன, நான் கட் பண்ணுவன்தானே.”

சொல்லிக்கொண்டே தன் போனை எடுத்துப் பார்த்தான். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“நீ எப்பவும் அப்பிடியே வைச்சிட்டுப் போயிடுவாய்,” என்றார் அம்மா. குரலில் குறை எதுவும் இல்லை.

பிரவீணனுக்குத் தன் வீட்டுச் சமையலறை மேசை ஞாபகம் வந்தது. அந்த மேசையில் போனை வைத்துவிட்டு ஆரபியும் தானும் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“அம்மா... எவ்வளவு நாளா?”

“தேத்தண்ணி போடட்டோ?” என்றார் அம்மா.

“தேத்தண்ணி வேண்டாம். வாங்கோ, இப்பவே போய் மாத்துவம். மடிக்கிறதையே வாங்குவம்.”

ராசமலர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மகனின் தலையைத் தடவினார்.

“வேண்டாம் அப்பன். உங்கட கதை என்ர காதில விழாமல் இருக்கத்தான் அதுக்கு ஆசைப்பட்டனான். இப்பதான் எல்லாம் கேட்டு முடிஞ்சுதே. இனி இந்தப் போனே போதும்.”