இருபது மடங்கு

அறையில் இருந்தவர்கள்: பணியாளர் மேலாளர், கணக்கு மேலாளர், கம்பெனி வக்கீல், தொழிற்சங்கச் செயலாளர், பினாயில் அக்கா. கம்பெனித் தலைவர் வரவில்லை. அவருடைய சம்பளம்தான் வந்திருந்தது, ஒரு காகிதத்தில், மேசை நடுவில், குப்புறக் கவிழ்த்து.

“உட்காருங்கம்மா. எத்தனை தடவை சொல்றது?” என்றார் பணியாளர் மேலாளர்.

அக்கா உட்கார்ந்தாள். அந்தத் தோல் நாற்காலிகளைத் தினமும் துடைப்பவள் அவள்தான். உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. கால் தரையில் படும்வரை உயரத்தை இறக்கிக்கொண்டாள். எந்தப் பிடி எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். அரசாங்கம் புதுச் சட்டம் போட்டிருந்தது. ஒரு கம்பெனியில் இருப்பதிலேயே குறைந்த சம்பளம் எதுவோ, அதைப் போல இருபது மடங்குக்கு மேல் தலைவர் வாங்கக் கூடாது. இங்கே தலைவர் இருபத்தைந்து மடங்கு வாங்கினார். குறைந்த சம்பளக்காரர்கள், துப்புரவு வேலை பார்க்கும் நாற்பது பெண்கள். அவர்களை ஒரு கான்ட்ராக்டரிடம் தள்ளிவிட்டால் கம்பெனிக் கணக்கில் வரமாட்டார்கள். தலைவரின் சம்பளம் தப்பித்துவிடும். அதற்கு அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கு இன்று ஐந்து மணிக்குள் அரசாங்கத்துக்குப் போயாக வேண்டும். மணி மூன்றரை.

மற்ற முப்பத்தொன்பது பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில் சொல்லியிருந்தார்கள். அக்கா கையெழுத்துப் போட்டால் நாங்களும் போடுகிறோம்.

அதனால்தான் தோல் நாற்காலி. அவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் மொத்தமாகக் கையில் கிடைக்கும். அவளுக்கு மட்டும் மூன்று வருடச் சம்பளம். செக்கும் எழுதியாகிவிட்டது.

வக்கீல் முதலில் ஆரம்பித்தார். சட்டமே தப்பு என்றார். திறமைக்கு விலை வைக்க அரசாங்கம் யார், நாளைக்கு உங்கள் வீட்டிலேயே ஒருவர் பெரிய ஆளாக வந்தால் அவருக்கும் இதே கதிதானே என்று நீளமாகப் பேசினார்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க எத்தனை மடங்கு சார்?” என்றாள்.

வக்கீல் தண்ணீர் குடித்தார்.

கணக்கு மேலாளர் வேறு பக்கமாக வந்தார். தலைவர் கோபித்துக்கொண்டு வெளிநாடு போய்விடுவார், பின்னாலேயே ஆர்டர்களும் போய்விடும், நாற்பது பேர் பிடிவாதத்தால் நானூறு பேர் தெருவில் நிற்க வேண்டிவரும் என்றார்.

“நான் வந்தப்புறம் மூணு தலைவருங்க போயிட்டாங்க. மறுநாளும் ஆபீஸ் நடந்துச்சு. நாங்க ரெண்டு நாள் வரலைன்னதும் மூணாவது மாடியவே மூடிட்டீங்க.”

செயலாளர் அவள் காதருகே சாய்ந்து, “பெரிய தொகைக்கா. விட்றாதீங்க” என்றான்.

“உனக்கு எவ்வளவுடா தம்பி?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“தலைவர் சம்பளத்தை நான் குறைக்கச் சொல்லல. அவர் மேல இருக்கணும்னா எங்களையும் கொஞ்சம் மேல தூக்கிட்டு இருக்கட்டும். சட்டம் அதைத்தானே சொல்லுது? எங்களுக்குக் கால் பங்கு ஏத்துங்க. அவர் வாங்குறதை அப்படியே வாங்கலாம். மடங்கு மட்டும் இருபதாயிடும்.”

பணியாளர் மேலாளர் கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். சரியாகத்தான் வந்தது.

“யாரும்மா உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?”

“கணக்கு சார்தான். மூணு தடவை போட்டுப் பாத்துக் கிழிச்சுக் கூடையில போட்டிருந்தாரு. கூடைய நான்தானே கொட்டுறேன்.”

கணக்கு மேலாளரை எல்லோரும் பார்த்தார்கள். அவர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணியாளர் மேலாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது மணி நாலு இருபது. தலைவருக்குத் தன் சம்பளம் குறையாது என்பது புரிந்துவிட்டது. மற்றது எதுவும் அவருக்குப் புரியத் தேவைப்படவில்லை.

உத்தரவு தயாரானது. நாற்பது இடங்களுக்கும் கால் பங்கு உயர்வு, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல். இந்த வேலைகளை இனிக் கான்ட்ராக்டில் விடக் கூடாது என்று இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னாள் அக்கா. வக்கீல் முணுமுணுத்துக்கொண்டே சேர்த்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்தபோது நாலு நாற்பது.

பணியாளர் மேலாளர் செக்கைக் கிழித்தார்.

“மூணு வருஷச் சம்பளம். வேண்டாம்னு சொன்ன ஆளை இன்னிக்குத்தாம்மா பாக்குறேன்.”

“நல்லாப் பாத்துக்குங்க” என்று எழுந்தாள் அக்கா. நாற்காலியைப் பழைய உயரத்துக்கு ஏற்றி வைத்தாள்.

கீழே, வாளிகள் அடுக்கிய அறையில் முப்பத்தொன்பது பேரும் காத்திருந்தார்கள். உத்தரவை ஒருத்தி சத்தமாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒருத்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள்.

“மூணாவது மாடி இன்னும் துடைக்கல. போ” என்று கையை உருவிக்கொண்டாள் அக்கா.

ஐந்து மணிக்குப் பின்வாசலுக்கு வந்தாள். இப்படி நெஞ்சை நிமிர்த்தி அவள் நடந்து காவல்காரர் பார்த்ததில்லை. போன மாதம் பணியாளர் மேலாளர் கட்டோடு கட்டாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்த ஒரு கடிதத்தைக் காவல்காரர் எடுத்து மேசையில் வைத்தார்.

“அடையாள அட்டையக் குடுத்துட்டுப் போங்கக்கா. உங்களுக்கு இன்னியோட ரிட்டயர்மென்ட்.”

போன மாதமே அவளுக்குத் தெரிந்த தேதிதான். அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு அக்கா தெருவில் இறங்கினாள். காவல்காரர் கதவைச் சாத்திப் பூட்டினார்.