மாமியார் போட்ட நிபந்தனை

பெண் பார்க்க வந்து நாற்பது நிமிடம் ஆகியும், மாப்பிள்ளையின் அம்மா வஹிதா, சமரீனின் வேலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தக் கம்பெனியில என்னதாம்மா பண்றீங்க?”

“லேப்ல செல் வளர்க்கிறோம் மாமி. ஒரு செல் புற்றுநோயைக் குணமாக்க, இன்னொண்ணு சர்க்கரை நோயைக் குணமாக்க. நான் சர்க்கரைப் பக்கம்.”

“எங்க வூட்டுல அந்தப் பேச்சே இல்லைங்க,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா காசிம், மனைவியைக் காட்டிப் பெருமையாக. “இவளைப் பாருங்க, அதுக்குள்ள நாலு லட்டு காலி!”

“அந்த வேலை முடிய இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?” வஹிதா விடவில்லை.

வேலையை விடச் சொல்லப்போகிறார் என்று சமரீனுக்குத் தோன்றியது. அப்படியென்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு, காலித் தட்டுகளோடு சமையலறைக்குப் போனாள். வஹிதாவும் பின்னாலேயே வந்தார்.

“மாமி, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேங்க.”

“போகாம? நிக்கா முடிஞ்ச மறுநாளே போகணும். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் சம்பந்தம்.”

வஹிதா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். உள்ளே, கைக்குட்டையில் சுற்றிய நாலு லட்டு.

“எனக்குச் சர்க்கரை வந்து மூணு வருஷமாச்சும்மா. உங்க மாமாவுக்கு இன்னும் தெரியாது.”