முதல் தண்ணீர்

"மொதத் தண்ணிய அவ சாக்கடையிலதான் ஊத்துறா சாமி. நம்பிக்கை இல்லேன்னா இந்த ஜன்னல்லயே நின்னு பாருங்க."

சொல்லிவிட்டு உபதேசியாரின் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பங்கில் எந்தக் குற்றத்துக்கும் அவளே சாட்சி, அவளே வக்கீல். பல நாள் நீதிபதியும் அவளேதான்.

பங்குச் சாமியார் பூசை அங்கியை இன்னும் கழற்றவில்லை. ஞாயிற்றுப் பூசை முடிந்து சனம் வாசலில் கதை பேசிக்கொண்டிருந்தது. அவருக்கோ வயிற்றில் பசி.

ஆனால் முதல் தண்ணீர் சின்ன விஷயமில்லை.

பூசையில் திராட்சை இரசம் ஆண்டவருடைய இரத்தமாகிறது; அந்தக் கிண்ணத்தைத் துடைக்கும் வெள்ளைத் துணியில் அது ஒரு துளியாவது ஒட்டியிருக்கும். ஆகவே அதைச் சோப்புக்குப் போடுமுன் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். அந்தத் தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. கால் படாத மண்ணில்தான் ஊற்ற வேண்டும். கோயிலுக்குப் பின்னால் மாதா சுரூபத்தின் காலடியில் இருந்த ரோஜாச் செடிக்கு ஊற்றுவது இந்தப் பங்கின் வழக்கம்.

அந்தச் செடி இப்போது குச்சியாக நின்றது.

"வாராவாரம் ஊத்துனா செடி ஏன் சாமி காயுது? வாயில்லாச் சீவன், அதுவே சாட்சி சொல்லுது பாருங்க. எவன்கூடவோ குடும்பம் நடத்துறவ கையில கோயில் துணியக் குடுத்தா இப்படித்தான் ஆகும். இன்னியோட நிறுத்திடுங்க."

எவனோ இல்லை. சாமியாருக்கு அது தெரியும்.

கோயில் துணி துவைக்கும் அந்தத் துணிக்காரியைக் கட்டினவன் அவளைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போய்விட்டான். எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறான். லாரி பட்டறை மெக்கானிக் ஒருவர்தான் அந்தக் குழந்தைக்கு அப்பாவானார். அதற்குக் காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஆனால் கட்டினவன் உயிரோடு இருக்கிறவரை, திருச்சபையின் சட்டத்தில் அவள் இன்னும் அவன் மனைவி. மெக்கானிக்கோடு இருக்கிறவரை, பூசையில் ஆண்டவருடைய உடலாகவும் இரத்தமாகவும் தரும் நன்மையை அவள் வாங்க முடியாது.

அதை அவளிடம் சொன்னவரும் இவர்தான். பங்குக்கு வந்த புதிதில் கூப்பிட்டு, தன்மையாகத்தான் சொன்னார். இனி நன்மை வாங்கும் வரிசையில் வர வேண்டாம் என்றார்.

அவள் அழவில்லை. சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக் காய்த்த கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பூசைக்கு வரலாமா சாமி?"

"வரலாம்மா."

"கோயில் துணி துவைக்கலாமா?"

சட்டத்தில் அதற்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இல்லை.

"துவைக்கலாம்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து, எல்லாரும் பீடத்தை நோக்கி எழும்போது கடைசிப் பெஞ்சில் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிடுவாள். அவளுக்கென்று கோயிலில் மிஞ்சியது அந்தத் துணிகள் மட்டும்தான். இன்று அதுவும் போகப்போகிறது.

சாமியார் ஜன்னலருகே போனார்.

பின்கட்டுக் குழாயடியில் துணிக்காரி குந்தியிருந்தாள். வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் பிடித்து, கிண்ணத் துணியை முக்கினாள். குழந்தையின் முகத்தைத் துடைக்கிற பதத்தில் அலசினாள். பிழிந்து, இன்னொரு தட்டில் வைத்தாள்.

பிறகு தண்ணீர்த் தட்டைக் கையில் எடுத்தாள். அவள் காலடியிலேயே சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

சாமியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஊற்றிவிடாதே தாயே என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அவள் சாக்கடையில் ஊற்றவில்லை.

செடிப் பக்கமும் போகவில்லை.

உபதேசியாரின் மனைவி பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். பூசை அங்கி ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது.

"என்ன சாமி, எங்க ஊத்துனா?"

சாமியார் ஜன்னலைச் சாத்தினார். திரும்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"செடிக்குத்தாம்மா ஊத்துனா. அது வேற ஏதோ நோவுல காயுது."

பொய் பேசும் நாவைப் பற்றி அன்று காலையில்தான் பிரசங்கம் வைத்த வாய் அது.

"அட! என் தங்கச்சிகிட்ட வேற வந்து துணிய எடுத்துக்கோன்னு சொல்லித் தொலைச்சிட்டேனே" என்று முனகியபடியே அந்தம்மா வெளியே போனாள்.

அடுத்த ஞாயிறு நன்மை கொடுத்து முடித்ததும் சாமியார் பீடத்துக்குத் திரும்பினார். கிண்ணத்தில் மீந்ததை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடுவதுதான் முறை. குருத்துவம் பெற்ற நாளிலிருந்து அவர் அதில் தவறியதில்லை.

அன்று கிண்ணத்தைச் சும்மா உதட்டில் வைத்துவிட்டு இறக்கினார். வெள்ளைத் துணியை உள்ளே விட்டு, இருந்தது அத்தனையும் அதில் ஊறும்வரை காத்திருந்தார். துணி கனத்துச் சிவந்தது. சட்டம் படித்த அவரால் அவளுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பூசை முடிந்ததும் துணியை அவரே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு உள்ளே வந்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

போன வாரம் அவள் தலைக்கு முக்காடிட்டு, குழாயடி ஈரத்தில் முழந்தாளிட்டு, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, அந்தத் தண்ணீரைத் துளி சிந்தாமல் குடித்தாள். அதை இன்னொரு முறை பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.