அத்தை ஜாடை

“பெத்த புள்ளைக்கு தெனம் விஷத்தைக் குடுத்துகினு கீற. நீயெல்லாம் இன்னா தாயி?”

படூரிலிருந்து வந்திறங்கிய விஜயகுமாரி, செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். ஜெகதீசனின் அக்கா அவள். கண்ணகிக்கு நாத்தனார்.

கண்ணகி தன் மகள் ஹரிப்ரியாவின் வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். பள்ளிக்கூடத்தில் அடிக்கடி மயங்கி விழுந்தாள். இடது கையில் நாடியே அகப்படவில்லை. ரத்தக்குழாயில் வீக்கம் என்று சொல்லி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். மயக்கம் நின்றது. ஆனால் முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டுவிட்டது.

“வீக்கத்துக்கு மருந்து குடுத்து மூஞ்சிய வீங்க வெச்சிகீறாங்க. இதுக்கு ஒரு படிப்பு” என்றாள் விஜயகுமாரி.

“இப்ப நான் உன்ன மாதிரியே கீறேன் அத்தை” என்றது குழந்தை.

“போடி. நான் நல்லா துன்னு தேறினவ. நீ மருந்துல வீங்கினவ.”

கொண்டுவந்த வாழைக்காய் பஜ்ஜியை அவள் குழந்தை கையில் திணித்தாள். இந்த மாத்திரைக்கு உப்பு ஆகாது என்று கண்ணகி பிடுங்கிக்கொண்டாள். குழந்தை அழுதது. பசிக்கிற வாயிலிருந்து பிடுங்குகிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்து முணுமுணுத்தார்கள்.

விஜயகுமாரி அதோடு விடவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். திருக்கழுக்குன்றம் பக்கம் ஒருவர் கொடுக்கும் பொடி. வெறும் மூலிகை. முட்டி வலிக்கு அவளும் அதைத்தான் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், போன பௌர்ணமிக்கு மலைக்கோயில் படி முழுவதும் ஏறி இறங்கினாளாம். தலைவலிக்குக்கூட இங்கிலீஷ் மருந்து தொட்டதில்லையாம். பாப்பாவுக்கும் இதுவே போதுமாம்.

மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டும் ஜெகதீசன், அக்கா சொல்லைத் தட்டி அறியாதவன். நாளைக்கு டாக்டரிடம் சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றான்.

“திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிகீறாங்க.” என்றாள் கண்ணகி.

“அப்பிடித்தான் சொல்லுவாங்க. அவங்க பொழப்பு நடக்க வேணாமா?”

மறுநாள் டாக்டரை நாலு வார்த்தை கேட்பதற்காகவே விஜயகுமாரியும் வேனில் ஏறிக்கொண்டாள்.

டாக்டர் ஹரிப்ரியாவின் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி கிடைக்கிறது, இனி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார். கண்ணகிக்குக் கண் நிறைந்தது.

“கொறைக்கிறது இன்னா, அடியோட நிறுத்துங்க” என்று பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள் விஜயகுமாரி. மலையேறிய கதையையும் சொன்னாள்.

டாக்டர் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

“இதைச் சாப்பிட்டதும் வலி சட்டுனு போயிடுச்சா?”

“மறுநாளே போச்சி.”

“பசி?”

“எவ்ளோ துன்னாலும் பத்தல.”

“முகம் உருண்டையாச்சா? லேசா இடிச்சாலே கன்னிப்போகுதா?”

விஜயகுமாரிக்கு ஒரே சந்தோஷம். “நீங்களும் அவராண்டதான் வாங்குறீங்களா டாக்டரம்மா?”

டாக்டர் சிரிக்கவில்லை. ஹரிப்ரியாவின் நாற்காலியை மெல்ல அத்தை பக்கம் திருப்பினார். அதே வட்டமுகம். அதே பளபளக்கும் கன்னம்.

“பொடியைப் பரிசோதனைக்கு அனுப்பறேன். ஆனா உங்க முகமே சொல்லுது, இதுலயும் ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு. பாப்பாவுக்கு நாங்க அளவு பார்த்துக் கொடுக்கிறோம். உங்களுக்கு யாரும் அளவே பார்க்கலை.”

பெரியவர்கள் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஜெகதீசன் வேன் சாவியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். விஜயகுமாரி யாரையும் பார்க்கவில்லை. கைப்பையில் இருந்த தன் பொடி டப்பாவை எடுத்து, குப்பைத்தொட்டியில் வீசக் கையை ஓங்கினாள்.

கண்ணகி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து அண்ணி. வாங்க, மொதல்ல அந்தச் சீட்டைக் காட்டிட்டு வரலாம். இன்னிக்கு வூட்டுல உங்களுக்கும் உப்பு கம்மிதான்.”