கடலில் மூழ்கிய கொள்ளுத்தாத்தா

மாதா கோவில் பதிவுகளில் முன்னோரைத் தேடிச் சலித்து, கடைசியில் எச்சிலைக் குப்பியில் துப்பி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிய பொன்மலை மேவிஸுக்கு, அயர்லாந்தில் நோரா என்றொரு சொந்தம் கிடைத்தது. இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே. இந்தியாவுக்கு வரும் வழியில் அவர் கடலில் மூழ்கிவிட்டாராம். மனைவி பிரிஜெட் சாகும்வரை கறுப்புத்தான் உடுத்தினாளாம். நோரா எழுதியிருந்தாள். மூழ்கிய மனிதர் பொன்மலையில் ரயில் ஓட்டி, இன்னொருத்தியைக் கட்டி, பேரன் பேத்தி எடுத்து, கட்டிலில் படுத்துத்தான் செத்தார் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? "மூழ்கினவராவே இருந்துட்டுப் போகட்டும், விடு புள்ள," என்றான் கணவன் ராயப்பன். மேவிஸ் பதில் எழுதவில்லை. கோவிலுக்குப் போய், இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கப் பெயர் கொடுத்தாள். "பிரிஜெட்டா? நம்ம பங்குக் கோவில்ல அப்படி யாரும் இல்லியேம்மா," என்றார் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்த கோவில் ஊழியர், கோவில்பிள்ளை. "எழுதிக்கிடுங்க ஐயா. எங்க பெரிய பாட்டி."