மூன்று மரங்கள்

"ரெண்டு பெரிய மரம், பக்கத்துல ஒல்லியா ஒரு கன்னு. பின்னால விடியல்," என்றாள் ஓவிய ஆசிரியை. "உங்க பொண்ணு இதையேதான் திரும்பத் திரும்ப வரைஞ்சிருக்கா, சார்."

சுவர் நெடுக அதே படம். கன்னங்கரிய இருட்டு, அதன் அடிவிளிம்பில் மஞ்சளாக ஒரு கீற்று வெளிச்சம். அதை மறித்து நிற்கும் மூன்று கறுப்பு உருவங்கள்.

பெரியவர் கைத்தடியை ஊன்றி விறைப்பாக நின்றார். இறந்துபோன மகளின் கண்காட்சிக்குத் தகப்பன் வரவில்லை என்று நாலு பேர் பேசக் கூடாது. அதற்காகத்தான் வந்திருந்தார்.

வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போனவள், நோயோடு தனியாகத் திரும்பி வந்தாள். "கடைசி ரூம்ல இருக்கட்டும். என் கண்ணுல மட்டும் படக் கூடாது," என்றார் அவர். அவள் மூச்சு அடங்கும்வரை அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. சொன்ன சொல்லில் நின்ற மனிதர் என்று சொந்தக்காரர்கள் இன்றும் மெச்சுகிறார்கள்.

"மழை, மேகம்னு மத்த படமும் இருக்கு. ஆனா இந்த வெளிச்சத்துலதான் உயிர் இருக்கு," என்றாள் ஆசிரியை. "ஜன்னல் வழியா தினமும் விடியலைப் பாத்திருப்பா போல."

"அந்த ரூம்ல விடியல் எங்கம்மா தெரியும்?" என்றாள் பெரியவரின் மனைவி. "ஜன்னல் மேற்குப் பக்கம். விடியக்காலைல கும்மிருட்டு. இவர் தண்ணி குடிக்க எழுந்து நடையில லைட்டைப் போட்டாத்தான் உண்டு."

"அப்ப கற்பனையா இருக்கும்."

"கண்ணால பாக்காததை அவ வரைய மாட்டா. அப்பனைக் கொண்டு பொறந்தவ. பிடிச்சா பிடிதான்."

பெரியவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போலாம், நேரமாச்சு," என்றார். வாசலை நோக்கி நடந்தார்.

வாசல் வெளிச்சத்தை மறித்தபடி அவர் நின்றார். பளபளத்த தரையில் அவர் நிழல் நீண்டு விழுந்தது. இரண்டு கால்கள், பக்கத்தில் ஒல்லியாகக் கைத்தடி.

மனைவி தரையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மகளின் அறைக் கதவுக்கு அடியில் இருந்த விரற்கடை இடைவெளி நினைவுக்கு வந்தது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டாள்.

"தினமும் அவ கதவு வரைக்கும் வந்து நின்னீங்களே, ஒரு தடவை தட்டியிருக்கக் கூடாதாங்க?"