மண் குடித்த தண்ணீர்

பேச்சிச்செல்வி பாட்டில் தண்ணீரை உடைமரத்தடியில் கவிழ்ப்பதைக் கோச் ஜெபசீலன் பார்த்துவிட்டார்.

"ஏளா, என்ன செய்யுத?"

அவள் காலி பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "குடிச்சிட்டேன் சார்."

"யாரு, நீயா? மரமா?"

பையன்கள் சிரித்தார்கள்.

ஜெபசீலனுக்குக் கோபம் வந்தது. கண்டவரிடமெல்லாம் கெஞ்சித் தண்ணீர்ப் பெட்டிகள் வாங்கி, ஸ்டோர் ரூம் கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கிறார். "சிறுநீர் கடும் மஞ்சளாப் போனா உடம்பு காயுதுன்னு அர்த்தம். தெனமும் பாருங்க" என்று கூச்சப்படாமல் சொல்லியும் கொடுத்திருக்கிறார். பையன்கள் குடித்தார்கள், சுவருக்குப் பின்னால் ஒதுங்கினார்கள், வந்து நிறம் சொல்லிச் சிரித்தார்கள். பெண்கள் மட்டும் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்குப் போக மத்தியானம் ஆவும் சார்..." என்று இழுத்தாள் பேச்சிச்செல்வி.

"அதுக்குத்தாம்ளா குடிக்கச் சொல்லுதேன்!"

பக்கத்தில் நின்ற தோழி சரண்யாதேவி வாயைத் திறந்தாள். பேச்சிச்செல்வி அவள் கையைக் கிள்ளினாள்.

"சொன்ன பேச்சு கேக்காதவ மாநிலப் போட்டிக்கு வரவேண்டாம். உன் பேர எடுத்துருதேன்."

அவள் ஓடத் தொடங்கிவிட்டாள், ஓடியே பெயரைக் காப்பாற்றிவிடலாம் என்பது போல.

வெயில் ஏறியிருந்தது. உப்பளத்துக் குவியல்கள் மேகத்துண்டுகளாய் வெளுத்துக் கிடந்தன. துறைமுகத்து கிரேன்கள் கானலில் கால்களைத் தொலைத்துவிட்டு மிதந்தன. அந்த மினுமினுப்புக்குள் அவள் போவது, யாரோ தண்ணீர்மேல் நடந்து போவது போலிருந்தது. ஜெபசீலன் கோபத்தை மறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

கிட்டே வந்தபோதுதான் கவனித்தார். முகத்தில் பொட்டு வேர்வை இல்லை. உதடு வெடித்திருந்தது. கறுப்பு பனியனில் வெள்ளை வெள்ளையாய் உப்புக்கோடு.

"நில்லுளா!"

"சார்... கடலு கிட்ட வந்துட்டு" என்று சிரித்தாள். முழங்கால் மடங்கியது.

பெண்கள் தாங்கிப் பிடித்து நிழலில் கிடத்தினார்கள். ஈரத்துண்டு போட்டார்கள். ஜெபசீலன் சாவியோடு ஸ்டோர் ரூமுக்கு ஓடினார். சரண்யாதேவி பின்னாலேயே ஓடினாள்.

கதவில் அவரே ஒட்டிய 'ஸ்டோர் ரூம்' தாள் கடற்காற்றில் உரிந்து படபடத்தது. அடியில் பழைய பெயின்ட் எழுத்து தெரிந்தது.

'பெண்கள் கழிப்பறை.'

பூட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"தெறங்க சார்!"

திறந்தார். சரண்யாதேவி இரண்டு பாட்டிலை உருவிக்கொண்டு ஓடப் போனவள், வாசலில் திரும்பினாள்.

"இன்னைக்கு இது போதும் சார். நாளைக்கும் அவ குடிக்கணும்னா, மிச்சப் பெட்டியெல்லாம் வெளிய எடுத்து வைங்க."